இரண்டு விரல் போன கைதி

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷம் விரிப்பு துவைத்தவள் எங்கள் சலவை அக்கா. அவள் வாயைத் திறந்தால் மேலதிகாரிகள் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி மேஜைக்கு அடியில் குனிவார்கள். அப்பேர்ப்பட்டவளை ஆறு வாரம் அலைக்கழித்தது ஓர் ஆவணக் காப்பகம்.

விஷயம் இதுதான். துறைமுகச் சுவரைக் கட்டியவர்கள் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்ட கைதிகள். அங்கே நிற்கும் கல்லில் இத்தனை காலமும் என்ஜினியர் பேர் மட்டும். இப்போது கைதிகள் பேரையும் வெட்டப்போகிறார்களாம். பதிவேட்டில் ஆதாரம் காட்டி விண்ணப்பம் போட வேண்டும், கெடு வெள்ளிக்கிழமை ஐந்து மணியோடு சரி. அக்காவின் பாட்டனுக்குப் பாட்டன் அங்கே கல் சுமந்தவன். அவன் பேர் வீட்டில் யாருக்கும் தெரியாது. இடது கையில் இரண்டு விரல் கிடையாது, அவ்வளவுதான் தெரியும்.

கப்பலிலிருந்து இறங்கியவர்களின் பதிவேட்டில் 'உடல் அடையாளம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஓடினால் பிடிப்பதற்கு எழுதியது. வேறு அக்கறை ஒன்றும் கிடையாது. லீவு நாள் தோறும் அக்கா போய் உட்கார்ந்து அந்தக் கட்டத்தைப் படித்தாள். ஒரு நாளைக்கு மூன்று பதிவேட்டுக் கட்டுதான் தருவார்கள். தழும்பு, மச்சம், அறுந்த காது எல்லாம் இருந்தது. விரல் போனவன் ஒருத்தனும் இல்லை.

வியாழக்கிழமை நானும் கூடப் போனேன்.

"மூணு கட்டு முடிஞ்சுது. நாளைக்கு வாங்கம்மா," என்றார் காப்பகக் குமாஸ்தா.

"நாளைக்கு நாளைக்குன்னு சொல்லியே என் தலையை நரைக்க வச்சுட்டீங்க சார்."

"வரும்போதே நரைச்சுதாம்மா இருந்துச்சு."

எரிச்சலில் நான் கேட்டேன். "விரல் எப்போக்கா போச்சு?"

"சுவர் கட்டுறப்பதான், கல்லு விழுந்து..." சொல்லிக்கொண்டே வந்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட என் புத்தியில தீ வைக்க! கப்பல்ல இறங்குறப்ப பத்து விரலும் இருந்திருக்குமே!"

ஆறு வாரமாக இது எனக்கும் உறைக்கவில்லை. ஊரெல்லாம் மேடை போட்டு நான் வரலாறு பேசிய லட்சணம் இது.

"சார், கைதிங்க ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் இருக்கா?"

"இருக்கே."

"இத்தனை நாளா வாய்ல என்ன வச்சிருந்தீங்க?"

"சீட்டுல எழுதினதைத்தாம்மா நான் எடுப்பேன்."

வெள்ளிக்கிழமை இரண்டாவது கட்டில் ஆள் அகப்பட்டான். கைதி 417. இடது கை, இரண்டு விரல் நீக்கம். பதினோராம் நாள் திரும்ப வேலைக்கு.

"பதினோரு நாளா? புண்ணு கூட ஆறியிருக்காதேடா பாவிங்களா!" அக்கா போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர் பென்சிலைக் கீழே போட்டார்.

மூன்றாவது கட்டில் 417ஐப் புரட்டினோம். வயது இருபத்திரண்டு, தொழில் உழவு, புருவத்தில் தழும்பு. அக்கா ஏற்கெனவே தாண்டிப்போன பக்கம்தான். பேர் இருக்க வேண்டிய இடத்தில் கரையான் ஓட்டை.

விண்ணப்பம் வாங்குவதும் அதே குமாஸ்தா. "பேர் இல்லாம வாங்க முடியாதும்மா."

"கரையான் எங்க வீட்லயா தின்னுச்சு? உங்க அலமாரியிலதானே தின்னுச்சு!"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா பேருக்கான கட்டத்தில் 417 என்று எழுதினாள். கீழே இன்னொரு வரி: 'பேர், காப்பகத்தின் பராமரிப்பில் தின்னப்பட்டது.'

குமாஸ்தாவின் முகம் சுருங்கியது. "இது மேலே போனா என் கழுத்துக்குதாம்மா வரும். அந்த வரியை அடிச்சுடுங்க, நம்பரை மட்டும் வாங்கிக்கிறேன்."

"முதல்ல முத்திரையைக் குத்துங்க."

குத்தினார். அதன் பிறகுதான் அக்கா அந்த வரியை அடித்தாள்.