எந்தக் கால் முதலில்

வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்ததும் மற்ற ஓட்டுநர்கள் சோம்பல் முறிப்பார்கள், தண்ணீர் குடிப்பார்கள். இவர் கழுத்தைத் திருப்பிக் கதவோரத்துப் படிகளைப் பார்ப்பார். மூன்று படிகள். கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணி பையும் சிரிப்புமாக ஒவ்வொருத்தியாக இறங்கும். இவர் உதடு மட்டும் அசையும்: வலது, இடது, வலது, வலது. எண்ணுவது கால்களை.

"மூஞ்சி ஆயிரம் பொய் சொல்லும். படி இறங்குற கால் சொல்லாது" என்பது அவர் கட்சி. நோகும் காலைத்தான் மனிதர்கள் முதலில் கீழே வைப்பார்களாம். மேல்படியில் நிற்கும் நல்ல கால் பாரத்தைத் தாங்கிக்கொள்ளுமாம். ஏறும்போது நேர்மாறு. இதை அவருக்கு எந்த மருத்துவரும் சொல்லித் தரவில்லை. பத்தொன்பது வருஷம் அதே இருக்கையில் உட்கார்ந்து அவராகக் கண்டுபிடித்தது. கணுக்கால் சுளுக்கா, தொடைப் பிடிப்பா, புதுச் செருப்பு கடித்ததா என்று மூன்று படிக்குள் பிரித்துவிடுவார்.

குள்ளமான உருவம், ஸ்டியரிங்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் தொப்பை. ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் மற்றதைவிட இரண்டு நிறம் கூடுதல் கறுப்பு. வாழ்நாளில் ஒரு தடவைகூடப் பந்தைக் கூடைக்குள் போட்டதில்லை. ஒரே ஒருமுறை ஆசைப்பட்டு எறிந்தார். அது பலகையில் பட்டுத் திரும்பி வந்து மூக்குக்கண்ணாடியை உடைத்தது. அதோடு விட்டார். ஆனால் சொந்த ஊர் ஆட்டம் ஒன்றைக்கூடத் தவற விட்டதில்லை. நம் பெண் ஃப்ரீ த்ரோ போட நின்றால் மட்டும் தரையைப் பார்த்துக்கொள்வார். கூட்டம் கத்தினால் விழுந்தது, முனகினால் போச்சு.

பெரிய ஆட்டம் உள்ள வாரத்தில் வண்டி ஓட்டும் விதமே மாறிவிடும். வேகத்தடை வந்தால் நிறைசூலியைக் கூட்டிப் போகிறவர் மாதிரி ஏற்றி இறக்குவார். பின்னால் வரும் வண்டிக்காரர்கள் ஹாரனடித்துத் திட்டுவார்கள். "அவனுக்கென்ன, அவன் வண்டியில சிமெண்ட் மூட்டை. என் வண்டியில முப்பது முழங்கால்" என்பார். அணியில் பதினைந்து பேர்.

கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. மாலை ஐந்தரைக்கு அங்கே சபை கூடும். கடைக்காரர், இரண்டு கடை தள்ளி சலூன் வைத்திருப்பவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூவருக்கும் உடம்பில் ஆளுக்கொரு வியாதி உண்டு. கடைக்காரருக்குச் சர்க்கரை, வாத்தியாருக்கு ரத்தக் கொதிப்பு, சலூன்காரருக்கு முதுகு. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். இருபது வயதுப் பெண் ஒருத்தியின் கணுக்காலைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவார்கள். இந்தச் சபைக்கு மருத்துவ அறிக்கை வாசித்தவர் நம் ஓட்டுநர்தான். அதனால்தான் பெயரே ரேடியோ. அவருக்கு வீட்டில் வைத்த பெயரைக் கல்லூரிக் கணக்குப் பிரிவில் கேட்டால்தான் தெரியும்.

அந்த ரேடியோ ஒரு வருஷமாகப் பாடுவதில்லை. காரணம் போன வருஷ இறுதியாட்டம். மூன்று மணி நேரப் பயணம் முடிந்து அணி இறங்கியபோது அப்போதைய கேப்டன் இடது காலை இழுத்து இறங்கினாள். இவர் பதறிப்போய்ச் சபைக்குப் போன் போட்டுச் சொன்னார். சபை ஊருக்குச் சொன்னது. ஊர் முதல்வருக்குச் சொல்ல, முதல்வர் பயிற்சியாளர் மேடத்தைக் கூப்பிட்டுக் கேட்க, மேடம் எதற்கு வம்பு என்று கேப்டனைப் பாதி ஆட்டம் உட்கார வைத்தார். மூன்று பாயிண்டில் தோற்றார்கள். பிறகு அந்தப் பெண் இவரிடம் வந்து சொன்னாள்: "கால் மரத்துப்போச்சுண்ணா. மடக்கி வச்சுத் தூங்கிட்டேன். அவ்வளவுதான்."

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சலூன்காரர் அடுத்த இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசாமல் முடி வெட்டினார். கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது.

இந்த வருஷம் இறுதியாட்டம் சொந்த அரங்கில், வெள்ளிக்கிழமை மாலை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கல்லூரியோடு. கோப்பை இங்கே வந்து ஒன்பது வருஷம் ஆயிற்று. அரங்கத் தரைக்கு மெருகு போடுகிறார்கள் என்பதால் அந்த வாரப் பயிற்சி ஊர்க்கோடியில் வேறோர் அரங்கில். போகவர ரேடியோவின் வண்டி.

"நாலாம் நம்பர் பொண்ணுக்குக் காய்ச்சலாமே?" என்று தொடங்கினார் சலூன்காரர்.

"காய்ச்சல் இல்ல, தொண்டைக்கட்டு. காலைல நோட்ஸ் ஜெராக்ஸ் எடுக்க வந்தா. எத்தன காப்பின்னு கேட்டா விரலக் காட்டுறா" என்றார் கடைக்காரர்.

"தொண்ட எதுக்குய்யா? பந்து போடக் கை போதும்."

"ஆட்டத்த நடத்துறவ கத்தணும்யா. கத்தாம எவளுக்குத் தெரியும் எங்க நிக்கணும்னு?"

வாத்தியார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அதெல்லாம் சமாளிச்சிரலாம். நம்ம கொக்கு நல்லா இருந்தாப் போதும். அறுபது பாயிண்ட் எடுத்தா இருபத்துநாலு அவளோடது. நூத்துக்கு நாப்பது. அவ இல்லன்னா நம்ம டீம்ல மிச்சம் என்னா இருக்கு, சொல்லு?"

கொக்கு என்பது பதினோராம் நம்பர் பெண். கால் இரண்டும் முடிவே இல்லாமல் நீளும். மூன்றாம் வருஷம் படிக்கிறாள். அவள் பெயர் வந்ததும் மூன்று தலைகளும் ரேடியோவின் பக்கம் திரும்பின.

"என்னண்ணே, கொக்கு எப்படி இருக்கா?"

"நான் ரோட்டப் பாத்து ஓட்டுறவன். எனக்கென்ன தெரியும்" என்றார் ரேடியோ. கையிலிருந்த தேநீரில் ஆடை கட்டியிருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

தெரியும். திங்கட்கிழமையே பார்த்துவிட்டார். கொக்கு எப்போதும் படியைத் தொடுவதே இல்லை. மேல்படியிலிருந்து நேரே தரைக்குத்தான். திங்கட்கிழமை கம்பியைப் பிடித்தாள். வலது கால் கீழே, பிறகு இடது. மறுபடி வலது, பிறகு இடது. மூன்று படிக்கும் அப்படித்தான்.

பூனை சூடு கண்டால் அடுப்பங்கரைப் பக்கம் போகாது. இவர் போனார், ஆனால் விரல் வைத்துப் பார்த்துப் பார்த்துப் போனார். செவ்வாய்க்கிழமை, மரத்துப் போயிருக்குமோ என்ற சந்தேகம் தீர, கதவு திறக்கவில்லை என்று சாக்குச் சொல்லி அத்தனை பேரையும் ஐந்து நிமிஷம் நிற்க வைத்தார். "அண்ணா, புழுங்குது!" என்று கத்தினார்கள். கதவு திறந்தது. வலதுதான் முதலில். புதன்கிழமை நடைபாதையை ஒட்டி வண்டியை நிறுத்தினார். கடைசிப் படிக்கும் தரைக்கும் ஒரு சாண்கூட இல்லை. ஒரு குழந்தைகூடத் துள்ளிக் குதித்திருக்கும். அப்போதும் வலது, பிறகு இடது. அன்று இறங்கும்போது அவள் கீழுதட்டைக் கடித்திருந்தாள்.

வியாழக்கிழமை அவளே வந்தாள். மற்றவர்கள் அரங்கத்துக்குள் போனபிறகு, பையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து முன்னிருக்கையில் உட்கார்ந்தாள்.

"நீங்க பாத்துட்டீங்கன்னு தெரியும்ணா."

இவர் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்தார்.

"மேடம் கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். நாளைக்கு தேசிய அணிக்கு ஆள் பொறுக்க வர்றாங்க. எனக்கு இது ஒரே ஒரு ஆட்டம்ணா. முடிஞ்சதும் நானே டாக்டர்கிட்ட போறேன், சத்தியமா."

"வலி எப்படிம்மா?"

"குதிச்சு இறங்கும்போது உள்ள என்னமோ நழுவுது. அப்புறம் சரியாயிடுது." சிரிக்கப் பார்த்தாள். "சொல்லிடாதீங்கண்ணா. ப்ளீஸ்."

இவர் தலையை அசைத்தார். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போனாள். ஏறும்போது இடது கால், இறங்கும்போது வலது கால்; முழுக்கணக்கும் சரியாக இருந்தது. கணக்கு சரியாக வந்ததற்காக ஒரு மனிதன் அப்படி வருத்தப்பட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை சட்டையைப் போட்டுப் பொத்தானை மாற்றி மாட்டினார். அவர் மனைவிக்குத் தபால் நிலையத்தில் வேலை. எட்டரைக்குக் கிளம்பியாக வேண்டும். வாயில் ஹேர்பின்னை வைத்துக்கொண்டே கேட்டார்: "என்ன, நாலு நாளா பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?"

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். "சொன்னா அந்தப் பொண்ணு வாழ்க்கையக் கெடுத்த பாவம். தோத்துட்டா ஊரே என்னக் கரிச்சுக்கொட்டும். போன வருஷம் மாதிரி இதுவும் ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா, அப்புறம் நான் அந்தத் தெருவுல தலகாட்ட முடியாது."

மனைவி பின்னைக் கொண்டையில் செருகினார். "போன வருஷம் வாயத் திறந்து கெடுத்தீங்க. இந்த வருஷம் வாய மூடிக் கெடுக்கப் போறீங்களா?"

"அப்போ சொல்லிடவா?"

"ஊருக்கு ஏன் சொல்றீங்க? கேக்க வேண்டியவங்ககிட்ட சொல்லுங்க. சட்டைய மொதல்ல சரியா மாட்டுங்க, பட்டன் ஒண்ணு ஏறிக் கெடக்கு."

பயிற்சியாளர் மேடத்தின் அறையில் பந்துகள் வலைப்பையில் தொங்கின. மேசையெல்லாம் மாலை ஆட்டத்துக்கான நுழைவுச் சீட்டு. இவர் வாசலிலேயே நின்றார்.

"மேடம், பதினோராம் நம்பர் பொண்ண ஒரு தடவ படி இறங்கச் சொல்லிப் பாருங்க. கம்பியப் பிடிக்காம."

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "போன வருஷமும் நீங்கதான?"

"ஆமா மேடம்."

"உள்ள வந்து உக்காருங்க."

"இல்ல மேடம், நிக்கிறேன். இது மரத்துப்போன கால் இல்ல. நாலு நாளாப் பாத்துட்டேன். உள்ள நழுவுதுன்னு அதுவே சொல்லுச்சு. சொல்லாதீங்கன்னும் சொல்லுச்சு." வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டார். "நான் தப்பாவும் இருக்கலாம் மேடம். தப்பா இருந்தாத்தான் எனக்கு நல்லது."

மேடம் பேனாவை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "உங்க பேரு வெளிய வராது. போங்க."

மதியம் மூன்றரைக்கு அவர் கைபேசிக்கு மேடத்திடமிருந்து இரண்டே வரி வந்தது. "மூட்டு வீங்கியிருக்கு. டாக்டர் ஆடக் கூடாதுன்னுட்டார்." வண்டிக்கொட்டகையில் நின்று அதை நான்கு தடவை படித்தார். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. அந்தப் பெண் இப்போது எங்கே உட்கார்ந்து அழுகிறாளோ என்று நினைத்தார், சாவியை எங்கே வைத்தோம் என்று பத்து நிமிஷம் தேடினார். அது சட்டைப் பையிலேயே இருந்தது.

மாலையில் அரங்கம் பிதுங்கியது. மெருகு போட்ட தரையில் விளக்குகள் தலைகீழாகத் தெரிந்தன. சபை வழக்கம்போல் ஆறாம் வரிசையில். ரேடியோ கடைக்காரருக்குப் பின்னால், ஏழாம் வரிசையில். அணி ஓடி வந்தது. மூவரும் எண்ணினார்கள். பதினான்கு. பதினைந்தாவது ஆள் மெதுவாக வந்தாள், சீருடை இல்லாமல், வலது முழங்காலில் பனிக்கட்டிப் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு. பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்தாள். அரங்கம் முழுக்க ஒரே முனகல்.

"போச்சு" என்றார் வாத்தியார். வேறு கணக்கு எதுவும் அவருக்கு வரவில்லை.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான்யா இருந்தா!" சலூன்காரர் எழுந்தே விட்டார். "எவனோ போட்டுக் குடுத்துருக்கான். ஆத்துக்கு அந்தப் பக்கம் காசு வாங்கினவன்."

"எவன்னு மட்டும் தெரியட்டும்" என்றார் கடைக்காரர். "அந்தாள உண்டு இல்லன்னு ஆக்கிர்றேன்." பிறகு பின்னால் திரும்பினார். "நீங்க சொல்லுங்கண்ணே, உங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியலதான?"

ரேடியோ பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் விசில் ஊதினார்கள். பந்து மேலே போனது. எல்லோரும் ஆட்டத்தைப் பார்த்தார்கள்.

கொக்கு பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தபடியே உடம்பைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே மேலே வந்தாள். யாரைத் தேடுகிறாள் என்று ரேடியோவுக்குத் தெரியும். கடைக்காரரின் முதுகு அகலமானது. கொஞ்சம் குனிந்தால் போதும், ஆள் இருப்பதே தெரியாது.

எதிரணி முதல் கூடையைப் போட்டது. மொத்தக் கூட்டமும் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த அந்த நேரத்தில் ரேடியோ எழுந்து நின்றார்.

"யோவ், உக்காருய்யா, மறைக்குது!" என்று பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கடைக்காரர் திரும்பி, "என்னண்ணே?" என்றார். இவர் இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு, அவள் பார்வை ஏழாம் வரிசைக்கு வந்து சேரும்வரை நின்றார்.