பத்து வாரமும் பதினாலு வாரமும்

பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் அந்த அம்மாளுக்குத் தன் உடம்பைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருந்ததே இல்லை. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவாள். வீட்டில் புருஷன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. லாரி ஓட்டிய உடம்பு, அத்தனை லேசில் இளைத்துவிடுமா? தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் இவள் ஒருத்திதான். அவருக்கு மலை மாதிரி ஒரு தம்பி இருக்கிறான், பக்கத்துத் தெருவிலேயே. "அண்ணி இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்று சொல்லி நழுவுவதில் மன்னன்.

ஒருநாள் வகுப்பறையிலேயே மயங்கி விழுந்தாள். தங்கச்சி விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்றார் டாக்டரம்மா. சின்னதாக இருந்தால் கீழ் வழியாகவே எடுத்துவிடலாம், சீக்கிரம் எழுந்து நடமாடலாம். பெரிதாக இருந்தால் வயிற்றைக் கீற வேண்டும். எவ்வளவு பெரிது என்பதைக் கர்ப்பத்துக்குச் சொல்வது போல வாரக் கணக்கில்தான் சொல்வார்களாம், உள்ளே பிள்ளை இல்லாவிட்டாலும். சின்னதாக இருக்க வேண்டுமே என்று இவள் வேண்டாத தெய்வமில்லை. வயிற்றைக் கீறிவிட்டால் அவரை யார் தூக்குவது?

ஸ்கேனுக்கு வயிறு முட்டத் தண்ணீர் குடித்து அடக்கி வைக்கச் சொன்னார்கள். பத்து வார அளவு என்று வந்தது; பன்னிரண்டைத் தாண்டினால்தான் கத்தியாம். போன உயிர் திரும்பி வந்தது. அடுத்து, சிறுநீர் கழித்துவிட்டு வந்ததும் டாக்டரம்மா கையால் பார்க்க வேண்டும். கழிப்பறை வாசலில் அனுமார் வால் மாதிரி வரிசை. அதில் போய் நின்றால் இங்கே முறை தப்பிவிடும்.

"யூரின் போயிட்டு வந்தீங்களாக்கா?" என்றாள் நர்ஸ்.

"ஆச்சும்மா" என்று கூசாமல் புளுகினாள்.

டாக்டரம்மா உறை மாட்டிய விரல்களை உள்ளேயும், இன்னொரு கையை அடிவயிற்றின் மேலும் வைத்து நிதானமாக அழுத்திப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஸ்கேன் பத்துங்குது, என் கை பதினாலுங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது."

பொய் சொன்ன மூன்றாவது ஆள் மேஜைமேல் மல்லாந்து கிடந்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் கத்தி பயம் அதைவிடப் பெரிது.

"நான் போகலம்மா. முறை போயிடுமேன்னு..."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "நிறைஞ்ச மூத்திரப்பையும் சேர்ந்துல்ல கைக்குத் தட்டுப்படுது! போயிட்டு வாங்க. உங்க இடம் எங்கயும் ஓடிடாது."

போய் வந்தாள். இம்முறை கையும் பத்து என்றே சொன்னது. தங்கச்சி பெருமூச்சு விட்டாள்.

"கீழ் வழியாவே எடுத்துடலாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஆறு வாரத்துக்குக் கனமா எதையும் தூக்கக் கூடாது. தண்ணிக் குடம்கூட."

"வீட்டுக்காரரை?"

"நல்லா கேட்டீங்க போங்க! மூச். வீட்டுல வேற ஆளே இல்லையா?"

"அவரு தம்பி இருக்காரே" என்று முந்திக்கொண்டாள் தங்கச்சி. "டாக்டரே சொல்லிட்டாங்கன்னா எப்படித் தட்டிக் கழிப்பாரு? நான் போய்ப் பிடரியைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்க்கா."

முதலில் அவளுக்குப் பகீரென்றது. பிறகு, யாரும் எழுப்பாத ஒரு காலை நேரத்தை நினைத்துப் பார்த்தாள். படுத்திரு என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது.

"வயித்தைக் கீறி எடுத்தா எத்தனை நாளும்மா தூக்கக் கூடாது?"

"அது மூணு மாசம் ஆகும். உங்களுக்குத்தான் அது தேவையில்லையே."

தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல், தலையைக் குனிந்துகொண்டு அவள் கேட்டாள்:

"அதையே பண்ணிடுங்களேன்மா?"