விழச் சொன்ன மகள்

இரண்டு கிழமைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஊர் பார்க்க எங்கள் வீட்டு முன் ஒழுங்கையில் விழுந்தேன். யாரும் தள்ளி விழுத்தவில்லை. விழச் சொன்னது என் மகள்.

இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றுகிறவன், கலியாண வீட்டில்கூடக் கடைசி வரிசையில் கதிரை தேடுகிறவன். நாலு வரி எழுதச் சொன்னால் எழுதுவேன். நாலு பேர் முன்னால் நிற்கச் சொன்னால்... பின்கதவால் போய்விடுவேன். அப்படிப்பட்டவனை ஏன் விழச் சொன்னாள்?

மகள் துவாரகா வீட்டில் இருந்தபடி கம்ப்யூட்டரில் படம் கீறுகிறாள். அசைகிற படம். இவ்வளவு நாளும் கொழும்பில் ஒரு ஒபிஸ் வேலை கொடுத்தது. அவள் கீறியது அந்த ஒபிஸின் பெயரில் போகும். இந்த முறைதான் வெளிநாட்டு ஸ்கேட்போர்ட் கம்பனி ஒன்று நேரே அவளைத் தேடி வந்தது. சொந்தப் பெயரில் அவளுக்கு வந்த முதல் வேலை.

கம்பனியின் வீடியோக்கள் தொடங்கும்போது திரையில் ஒரு லோகோ அசைந்து வர வேண்டும். ஒருவன் சில்லுப் பலகையில் ஏறி ஓடி வருகிறான் — விழுகிறான் — எழும்புகிறான். பலகை மட்டும் தனியே உருண்டு போய்க் கம்பனியின் பெயராக மாறுகிறது. அவ்வளவுதான்.

கீறி அனுப்பினாள். திருப்பி அனுப்பினார்கள். மறுபடி கீறினாள். மறுபடியும் திரும்பி வந்தது. ‘பொம்மை விழுகிறது. எங்களுக்கு மனிதன் விழ வேண்டும். திங்கட்கிழமைக்குள் தராவிட்டால் வேறு ஆளிடம் கொடுப்போம்.’

“இன்டர்நெட்டில விழுகிற வீடியோ இல்லையோ?” என்று கேட்டேன்.

“நிறைய இருக்கு அப்பா. அவங்கள் எல்லாரும் விழப் பழகின ஆக்கள். எனக்கு விழத் தெரியாத ஆள் வேணும்.”

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன்.

“எனக்கு முழங்கால் ஏலாது. நீங்கள் இண்டைக்குச் சும்மாதானே இருக்கிறியள்” என்று அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

பக்கத்து வளவில் கராஜ் வைத்திருக்கிற றபீக் நானா பலகை செய்து தந்தார். பலகைத் துண்டு ஒன்று, சில்லுக்குப் பழைய பெயரிங் நாலு. “தம்பி, நான் பூட்டின சாமான். நீங்க உடஞ்சாலும் இது உடையாது” என்றார். பெரிய ஆறுதல்.

சீனன்குடாப் பக்கம் இதற்கு நல்ல வழுவழுப்பான தளங்கள் உண்டு. ஆனால் அங்கே போனைத் தூக்கிப் படம் எடுத்தால், நான் விழுவதற்கு முன் விமானப்படைச் சென்ட்ரி வந்துவிடுவார். அதனால் கப்பல்துறையில் எங்கள் கொங்கிரீட் ஒழுங்கைதான். கண்டி ரோட்டை நோக்கிக் கொஞ்சம் சரிவு.

வழக்கம்போல இடுப்பில் கட்டிய சாரத்தோடு ஏறினேன். மெல்லச் சரிந்தேன். திரும்ப ஏறினேன். திரும்பவும் மெல்லச் சரிந்தேன்.

“அப்பா, நீங்கள் விழேல்ல. குந்தி இருக்கிறியள்.”

“கதிரை ஒண்டு கொண்டு வரட்டோ அண்ணை?” — கடை வாசலில் நின்ற ஒருவர்.

அடுத்த முறை ஏறி உருண்டபோது ரோட்டில் பஸ் ஒன்று வந்து நின்றது. சன்னல் முழுக்க முகங்கள். வெட்கத்தில் நான் அந்தப் பக்கம் பார்த்த நேரம்... பலகை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கை உரிந்துவிட்டது.

“காணும் அப்பா, இது போதும்” என்று மகள் போனில் படம் எடுப்பதை நிறுத்தினாள். தகப்பன் விழுந்ததற்கு இவ்வளவு சந்தோசப்பட்ட பிள்ளையை நான் கண்டதில்லை.

அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, என் ஒவ்வொரு அசைவையும் தன் படத்தில் ஏற்றினாள். படத்தில் இருந்தவனோ காற்சட்டை போட்டுத் தொப்பி வைத்த பெடியன். திங்கள் காலை எங்களுக்குக் காட்டினாள். நான் பார்த்தேன். மனைவி பார்த்தாள். றபீக் நானாவும் பார்த்தார். ஒருவர் கண்ணிலும் ஒரு பிழையும் படவில்லை. அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது. ‘விழுந்தது அருமை. ஆனால் எழும்பியதும் இடுப்பில் கையை வைத்து என்ன செய்கிறான்?’

திரும்பப் போட்டுப் பார்த்தோம். பெடியன் விழுகிறான். துள்ளி எழும்புகிறான். முழங்கையைப் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. இல்லாத சாரத்தை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டுகிறான். பிறகு, யாராவது கண்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்க்கிறான்.

மனைவிதான் முதலில் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

“உங்களைப் பார்த்து அப்படியே கீறிப்போட்டன் அப்பா. எங்கட கண்ணுக்கு அது பிடிபடவே இல்லை.”

“அந்தக் கையை மட்டும் அழிச்சுப்போட்டு அனுப்பன் பிள்ளை” என்றேன். வேலை கை நழுவிப் போய்விடுமே என்ற பயம் எனக்கு.

திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இல்லை அப்பா. கை சரி. காற்சட்டைதான் பிழை.”

தொப்பியைக் கழற்றினாள். காற்சட்டையை அழித்தாள். கட்டம் போட்ட சாரம் ஒன்றைக் கீறிக் கட்டிவிட்டாள். கூடவே இங்கிலீஷில் ஏதோ எழுதினாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது எங்கே விளங்கும்? தமிழில் சொன்னாள்: ‘எங்கள் ஊரில் விழுந்தவர் முதலில் சாரத்தைப் பார்ப்பார். காயத்தைப் பிறகுதான் பார்ப்பார்.’ அனுப்பியும் விட்டாள்.

அடுத்த நாள் முழுக்கப் பதில் இல்லை. சோற்றைப் பிசைந்தபடி இருந்தாள், சாப்பிடவில்லை. வியாழன் மத்தியானம், துறைமுகத்தில் நான் ஐஸ் ஏற்றிக்கொண்டு நின்றபோது போன் அடித்தது.

“அப்பா... எடுத்திட்டினம்.”

“சாரத்தோடயோ?”

“சாரத்தோட. என்ர பேரும் போடுவினமாம்.”

ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். என் முகத்தை மற்றவர்கள் பார்க்கக் கூடாதே.

நீங்களே சொல்லுங்கள். விழுந்தால் முதலில் எதைத் தேடுவீர்கள்? செருப்பையா? போனையா? எல்லோருமே முதலில் தேடுவது மானத்தைத்தான். சாரத்தைக் காணாத தேசத்திலும் அது விளங்கியிருக்கிறது. விளங்க வைத்தவள் என் பிள்ளை.

இப்போது அந்த லோகோ ஊரில் பலருடைய போனில் ஓடுகிறது. முந்தாநாள் ஐஸ் எடுக்க வந்த போட்காரர் ஒருவர், எல்லோருக்கும் கேட்க, “அண்ணை, அந்தச் சாரக்காரர் நீங்கள்தானே?” என்றார். நின்ற சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வேறு நாள் என்றால் குனிந்து ஐஸை உடைத்திருப்பேன்.

“ஓம்” என்றேன். “விழுந்தது நான். எழுப்பினது என்ர மகள்.”