நாடா கட்டும் இடம்

முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்தவள் நான். வாய் ஜாஸ்தி. புதிதாக வேலைக்கு வந்த டீச்சர் யாராவது புடவையைத் தொப்புளுக்குக் கீழே கட்டிக்கொண்டு வந்தால் ஸ்டாஃப் ரூமிலேயே நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். மகன் பிறந்ததிலிருந்து நானே கீழேதான் கட்டினேன். வயிறு தொங்கிப்போனதில் மேலே நாடா நிற்காது. முந்தானையை இழுத்து நாலு ஊக்கு குத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

மலக்குடலில் கட்டி என்றார்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் ஒரு சிஸ்டர் கையில் மார்க்கர் பேனாவோடு வந்தார். எனக்கு ஒரு மகள் பிறந்திருந்தால் அந்த வயது இருக்கும். குடலின் நுனியை வயிற்றின் இடப்பக்கம் வெளியே எடுத்துத் தைப்பார்கள், இனிமேல் மலம் அதன்மேல் ஒட்டும் பையில்தான் விழும், அந்த இடத்தை இன்றைக்கே குறிக்க வேண்டும் என்றார். உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், சதை எங்கே மடிகிறது என்று பார்த்தார்.

"பாவாடை நாடா எங்க கட்டுவீங்க டீச்சர்? அதுல படாம குறிக்கணும்."

மகன் கதவுக்கு வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் தொப்புளுக்கு மேலே இரண்டு விரலை வைத்து, "இங்கதான். வேற எங்க கட்டுவாங்க?" என்றேன்.

சிஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கீழ கறுப்பா ஒரு கோடு இருக்கே?"

நாடா அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன கோடு அது. "அதெல்லாம் அந்தக் காலத்துல. சீக்கிரம் குறிங்க" என்று அதட்டினேன். அவர் தொப்புளுக்குக் கீழே, சரியாக அந்தக் கோட்டின் மேலேயே வட்டம் போட்டார். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்து வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபின், வாரத்துக்கு இரண்டு நாள் அதே சிஸ்டர் வந்தார். முதலில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். என் பீயை இன்னொருத்தர் துடைப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவர் ஈரத்துணியால் துடைத்து, அளவாக வெட்டிய புதுப் பையை ஒட்டி, என் கையை எடுத்து அதன்மேல் வைப்பார். "கொஞ்ச நேரம் அப்படியே பிடிங்க. கைச்சூட்டுல நல்லா ஒட்டிக்கும்." வீட்டில் நைட்டிதான் என்பதால் நாடாத் தொந்தரவு ஒன்றும் தெரியவில்லை.

செக்கப்புக்குப் போன அன்று பிடிவாதமாகப் புடவை கட்டினேன். நாடாவை மேலே கட்டிப் பார்த்தேன், வழக்கம்போல் இறங்கியது. கீழேயே இறுக்கிவிட்டேன். திரும்பும்போது பௌர்ணமி கிரிவலக் கூட்டம். ஆட்டோ ஓர் அடி நகரவில்லை. நாடா பையின் நடுவில் அழுத்த, உள்ளே விழ வேண்டியது ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. புடவையெல்லாம் நாறியது. டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையை வெளியே நீட்டினார். மகன் தன் துண்டை என் மடியில் போட்டான். செத்துப்போயிருக்கலாம் என்று இருந்தது.

மறுநாள் வந்த சிஸ்டரை அவன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "நாடா கட்டுற எடத்துலயா ஓட்டை போடச் சொல்லுவாங்க? இதுகூடவா பாக்கத் தெரியாது உங்களுக்கு?" சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். "சாரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்து பையை மாற்றினார். மகன் ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதிப் போட்டான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடம் ஓயாத வாய்.

அடுத்த வாரம் பழைய பையைக் கழற்றிக்கொண்டே சிஸ்டர் சொன்னார். "அடுத்த தடவை வேற ஒருத்தங்க வருவாங்க டீச்சர். நாளையிலேர்ந்து விசாரணை முடியிற வரைக்கும் என்னை வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க."

"நான் மேல கை வெச்சுக் காட்டினதை நீ ஏம்மா சொல்லல?"

"உங்க பையன் முன்னாடி அதை எப்படி சொல்றது? உங்களுக்கு வெக்கமா இருக்குமேனு விட்டுட்டேன்."

என் வெட்கத்தை அந்தப் பெண் தன் வேலையைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறாள். நானோ அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் படுத்திருக்கிறேன்.

மகனைக் கூப்பிட்டேன். உள்ளே வந்தவன், திறந்து கிடந்த வயிற்றைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"திரும்பாதடா. இங்க பாரு. இந்தக் கோடு தெரியுதா? நாடா கட்டுற எடம் இதுதான். சிஸ்டர் ரெண்டு தரம் கேட்டாங்க. நான்தான் மேலனு சொன்னேன்."

அவன் சிஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அப்புறம் போய்ப் பேப்பரும் பேனாவும் எடுத்துவந்து கட்டிலோரம் உட்கார்ந்தான். சிஸ்டர் புதுப் பையை ஒட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். இந்த முறை யாரும் சொல்லாமலே நான் கையை அதன்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா தவறுதலா காட்டிட்டாங்கனு போட்டுடட்டுமா?" என்றான்.

"பொய் சொன்னாங்கனு எழுது" என்றேன்.