எட்டாவது பெயர்

என் தம்பி ஜெர்மன் ராணுவ வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவன். உலகப் போரில் அந்தப் படை தன் குதிரைகளுக்கு எப்படித் தீனி போட்டது என்று ஏழு வருடம் ஜெர்மனியிலேயே உட்கார்ந்து பழைய காகிதங்களைப் படித்தான். நான் பதினாலு வயதில், படிவம் இரண்டோடு பள்ளியை விட்டு லூனாஸ் ஊரில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போனவள். தம்பி என்ன படிக்கிறான் என்று கேட்டால் "சரித்திரம்" என்று மட்டும் சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். பட்டாளத்தைப் பற்றிய படிப்பு, போலீஸ் வந்து வீட்டைக் குடைந்தால் என்ன செய்வது என்று பயம்.

திரும்பி வந்தவனுக்கு சுங்கை பட்டாணியில் ஒரு தனியார் கல்லூரியில்தான் வேலை கிடைத்தது. அவனுடைய பாடத்தில் எட்டு பேராவது சேர வேண்டும். இல்லாவிட்டால் பாடத்தை மூடி அவனையும் அனுப்பிவிடுவார்கள். இந்த வருடம் ஏழு பேர்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமியாரும் நாத்தனாரும் வீட்டில் இருக்கும்போது தாம்பாளத்தோடு வந்தான். வெற்றிலை, பாக்கு, ஆப்பிள், ஒரு சேலை. நடுவில் கல்லூரி விண்ணப்பத்தாள். என் மகளின் பெயரை அவனே எழுதியிருந்தான். மாமன் கொண்டுவந்த தட்டை நாலு பேர் முன்னால் திருப்ப மாட்டேன் என்று நினைத்திருக்கிறான்.

"எந்த ஊரு மாப்பிள்ளப்பா?" என்று மாமியார் கேட்டார்.

"மாப்பிள்ள இல்ல அத்தை, காலேஜ்."

"அதுக்கு எதுக்குச் சேலை?" நாத்தனார் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அவளுக்கு அலோர்ஸ்டார்ல ஆஸ்பத்திரி மிஸ்ஸி படிப்புக்கு இடம் வந்தாச்சு. உனக்குத் தெரியும்ல?"

"ஒரு வருசம் கழிச்சுப் போகட்டும்லா அக்கா. ஒரு ஆளுதான் குறையுது. சடங்குக்கு மாமன்னு நான்தானே வந்து நின்னேன்?"

"வந்து நின்னதுக்கு இப்ப புள்ளையையே கேக்குறியா? குதிரைக்குப் புல்லு போட்ட கதையப் படிச்சிட்டு எந்த ஆஸ்பத்திரியில ஊசி போடுவா?"

"ஃபார்ம் டூ படிச்ச உனக்கு என்னக்கா தெரியும்?"

"ஆமாடா, ஃபார்ம் டூதான். நீ ஃபார்ம் சிக்ஸ் போறதுக்கு நான் அச்சுலேர்ந்து கையுறை உருவிக்கிட்டு இருந்தேன்."

மகள் பேனாவை எடுத்துவிட்டாள். மாமனிடம் முடியாது என்று சொல்லத் தெரியாத பிள்ளை. தாளை உருவி அவன் சட்டைப் பையில் திணித்தேன். தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவன் காரின் பின்சீட்டில் வைத்தேன். ஆப்பிள் ஒன்று உருண்டு காலடியில் விழுந்தது. நான் குனியவில்லை.

"இனிமே இந்த வீட்டுக்கு மாமன் இல்லன்னு நெனச்சுக்க," என்று சொல்லிவிட்டுக் கார்க் கதவை அறைந்து சாத்தினான்.

அடுத்த மாதம் அலோர்ஸ்டார் விடுதியிலிருந்து மகள் போன் செய்தாள். மாமா அவளுக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாராம்: பாடத்தை மூடிவிட்டார்கள், வேலையும் இல்லை, உன் அம்மாவிடம் சொல்லிவிடு.

"என்னம்மா பதில் போடட்டும்?"

செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்கிறான், எங்கே சாப்பிடுகிறான் என்று நினைப்பு ஓடிக்கொண்டே இருந்தது. இப்படி என்னை நினைக்க வைத்துவிட்டானே என்று அதற்கும் அவன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"ஒண்ணும் போடாத," என்றேன்.