'இ' டிரைவில் இருந்த ஏழு நிமிடம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் சாவுக்கென்று ஒரு தனி டிரைவ் இருந்தது. அது என் யோசனை இல்லை, என் மனைவி போட்ட சட்டம். வார நாட்களில் எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறுகளில் தோட்டத்துக் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பேன். இழவு வீடுகளுக்கும் கூப்பிடுவார்கள். ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை என்றால், பிறகாவது பார்க்கட்டுமே என்று. "கல்யாணப் பொண்ணையும் பொணத்தையும் ஒரே எடத்துலயா வப்பீங்க? வெளங்குமா?" என்று அவள் சண்டை பிடித்த அன்றே ஹார்டிஸ்க்கை மூன்று பார்ட்டிஷனாகப் பிரித்தேன். 'சி'யில் விண்டோஸ், 'டி'யில் கல்யாணம், கடைசியில் 'இ'. 'இ'யைத் திறந்து வேலை செய்தால் குளித்துவிட்டுத்தான் அடுப்படிக்குள் கால் வைக்கலாம். கேமரன் மலைக் குளிரில் அப்படி நான் குளித்த குளியல்களை நினைத்தால் இப்போதும் பல் கிட்டுகிறது.

இந்த வருஷம் 'சி' நிரம்பிவிட்டது. விண்டோஸ் அப்டேட் ஏறவில்லை. ஒரு பாட்டை வெட்டி ஒட்டுவதற்குள் டீ ஆறிவிடும். தானா ராத்தாவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவரிடம் கேட்டேன். "'சி'ய பெருசாக்கணும்னா அதுக்கு ஒட்டுனாப்புல காலி எடம் இருக்கணும் அண்ணே. உங்களுக்கு நடுவுல 'டி' நிக்குது. எல்லாத்தையும் வெளிய காப்பி பண்ணிட்டு, 'டி', 'இ' ரெண்டையும் தூக்கிடுங்க. அப்புறம் ஒண்ணா சேத்துக்கலாம்லா" என்றார்.

ஒரு வெளி டிஸ்க் வாங்கிக் கல்யாணங்களை எல்லாம் அதில் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 'இ' மட்டும் பாக்கி. இப்போது இழவு வீட்டில் எல்லோரும் போனிலேயே எடுத்துக்கொள்கிறார்கள், அந்த டிரைவை நான் திறந்தே பல வருஷம். காப்பி எடுக்காமல் அப்படியே தூக்கிவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன ஒரு பொய்யும் அன்றைக்கு உண்மையாகிவிடும்.

அந்தப் பொய்யை நான் சொன்னது எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழ் லயத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடம். தேயிலை எடுக்கிறவள். புருஷன் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறான். முதல் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் அவளைக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அவசரமாகக் கொண்டுபோனார்கள். குழந்தை இங்கேயே இருந்தது. இரண்டாம் நாள் போய்விட்டது. பெற்றவளுக்கு அப்போது நினைவே இல்லை. பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டிருக்க முடியாது, அன்று சாயங்காலமே புதைத்தார்கள். புருஷன்தான் என்னைக் கேமராவோடு கூப்பிட்டான். "அவ இன்னும் புள்ள மூஞ்சியப் பாக்கல அண்ணே. வந்தா காட்டணும்" என்று அழுதான். ஏழு நிமிடம் எடுத்தேன்.

மூன்றாம் நாள் அவனே வந்து வாசலில் நின்றான். வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்களாம். பார்த்தால் மறக்கமாட்டாள், மனசு அங்கேயே கிடந்தால் அடுத்தது தங்காது என்கிறார்களாம். "அழிஞ்சிருச்சுன்னு சொல்லிடுங்க அண்ணே." நானும் சரி என்றேன். பெரிய நியாயவான் போலத் தலையை வேறு ஆட்டினேன்.

அவள் உடம்பு தேறி வந்து மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை, "அழிஞ்சதக்கூட கம்ப்யூட்டர்ல திரும்ப எடுக்கலாமாமே அண்ணே? ஆபீஸ்ல சொன்னாங்க" என்றாள். முடியாதும்மா என்றேன். அப்போது அந்தப் பதிவு என் முதுகுக்குப் பின்னால் மேசை மேல் இருந்தது. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. அவளுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். ஒருநாள் லோரியை நிறுத்தி, ஏற்றியிருந்த முட்டைக்கோஸில் இரண்டு கொடுத்துவிட்டு, "பாத்தீங்களா அண்ணே, நாம செஞ்சது சரிதான்" என்றான் புருஷன். கோபீஸை வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அந்த ஏழு நிமிடம் என்னை விடவில்லை. எந்தக் கல்யாணத்தைச் சேமிக்கப்போனாலும் பட்டியலில் கடைசியாக 'இ' வந்து நிற்கும். மௌஸ் அந்தப் பக்கம் போகாமல் கையை இழுத்துக்கொள்வேன். மாப்பிள்ளை தாலி கட்டுகிற இடத்தில் மேளத்துக்கு அடியில் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். ஹெட்போனைக் கழற்றினால் ஒன்றும் இருக்காது. மாட்டினால் மறுபடியும் கேட்கும். பயந்தேன் என்றே சொல்கிறேன். செத்த குழந்தைக்கு இல்லை. பனி விலகும்போது எதிர்ச் சரிவில் கூடையோடு நிமிர்ந்து என் வீட்டுப் பக்கம் பார்க்கிற அந்த அம்மாவுக்குத்தான் பயந்தேன்.

அன்று 'இ'யின் மேல் ரைட் கிளிக் செய்து டெலிட்டைத் தொட்டேன். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், சம்மதமா என்று கேட்டது. 'நோ' கொடுத்துவிட்டு அந்த வீடியோவைத் திறந்தேன்.

சிணுங்கல் மழை. கறுப்புக் குடைகள். வெள்ளைத் துணியை விலக்கி அப்பன் ஒரு தடவை காட்டுகிறான். சின்ன நெற்றி, அழுந்தின மூக்கு, ஒரு காது மடங்கியிருக்கிறது. அந்த இடத்தில் நிறுத்தினேன். பின்னால் என் மனைவி வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"யாரு புள்ள இது?"

சொன்னேன். 'இ' பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவள், குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். "பெத்தவளுக்குக் காட்டாம நீங்களா வச்சிருந்தீங்க? எங்கிட்டகூடச் சொல்லல. இத வச்சுக்கிட்டு எப்படிங்க சோறு எறங்குச்சு?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் குடையை எடுத்துக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கிப் போய்விட்டாள்.

அரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணோடு திரும்பி வந்தாள். வழியிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் போல. அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, "போடுங்க" என்றாள்.

ஏழு நிமிடமும் அசையாமல் பார்த்தாள். பிறகு அந்த முகம் வருகிற இடத்துக்குத் திரும்பப் போகச் சொன்னாள். நிறுத்தினேன். திரையில் இருந்த மடங்கின காதை விரலால் நீவிவிடப் பார்த்தாள்.

"எம்மனசுல இருந்தது வேற மூஞ்சி அண்ணே" என்றாள். "அவரு மாதிரி நெறமா, பெரிய கண்ணா. இது எங்கம்மா மாதிரில்ல இருக்கு. இத்தன வருசமா நான் வேற யாரோ புள்ளைக்கு அழுதிருக்கேன்."

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மன்னிச்சிரும்மா என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. உன் வீட்டுக்காரர்தான் அப்படிச் சொல்லச் சொன்னார் என்று இழுத்தேன். "அவருகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க ஏன் அவரு பேச்சக் கேட்டீங்க?" என்றாள்.

ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று போட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அதைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை.

"அழிஞ்சிருச்சுன்னு சொன்னீங்கல்ல. இப்ப என் கண்ணு முன்னால அழிங்க."

"அழிக்கத்தானேம்மா போறேன். இந்த டிரைவையே..."

"இப்ப."

'இ'யின் மேல் ரைட் கிளிக் செய்தேன். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டது. எத்தனையோ பேரின் கடைசி ஊர்வலம் அதில் இருந்தது, என் அப்பாவுடையதும் சேர்த்து. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'யெஸ்' கொடுத்தேன். திரையில் 'இ'க்கு நேரே நீலமாக இருந்த பட்டை கறுப்பானது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"இனிமே உங்ககிட்ட இல்லியே?"

இல்லை என்றேன். அவள் அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள், நான் சொல்வதை நம்பலாமா என்று.