இடுப்பளவில் மாட்டிய காலண்டர்

எங்கள் வீட்டில் என் உயரத்தை அளந்தது வெள்ளம்தான். தண்டையார்பேட்டையில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து வடியும்போதெல்லாம், அது எதுவரை நின்றது என்று அப்பா கதவோரச் சுவரில் நீலப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுவார். அந்தக் கோடுகளோரம் நின்று நின்றே நான் வளர்ந்தேன். ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் என் தலை எல்லாவற்றிலும் உயரமான கோட்டைத் தாண்டியது. அந்தச் சாதனையைக் கேட்கத்தான் வீட்டில் ஒருவருக்கும் நேரமில்லை.

காரணம், அப்பாவின் தங்கையான என் அத்தையின் கல்யாணம். பெண் பார்க்க வந்த இரண்டு வீட்டார் அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டு, பஜ்ஜியை மட்டும் முடித்துக்கொண்டு போனவர்கள்தான்; பிறகு தகவலே இல்லை. மூன்றாவது இடம் புளியந்தோப்பு. அந்த மாப்பிள்ளையின் போட்டோவை அத்தை தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். இதுவும் கைவிட்டுப் போகக் கூடாதென்று அம்மா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார். நீலம் அதையும் மீறிப் பல்லை இளித்தது. கடைசியில் அதன்மேல் காலண்டரை மாட்டினார். இடுப்பளவில் தேதி பார்க்கும் வீடு வடசென்னையிலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்த நேரம் பார்த்து, வெள்ளம் வந்தால் எந்தெந்த வீடுகளுக்கு ஆபத்து என்று கணக்கெடுக்கும் ஓர் அக்கா பைலும் டேப்புமாக வாசலில் வந்து நின்றார். தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று கேட்டார்.

“எங்க வூட்டாண்ட தண்ணியே வராதும்மா,” என்றார் அம்மா, சிரித்த முகம் மாறாமல்.

எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீரே வராது என்றால் நான் எதைத் தாண்டி வளர்ந்தேனாம்? ஓடிப்போய்க் காலண்டரைக் கழற்றிவிட்டு, சுவரில் முதுகை ஒட்டி நின்றேன். “இத்தாம் பெருசுக்கு வந்துச்சு. இப்போ தண்ணியவிட நான்தான் உசரம்!”

அம்மா என்னை முறைத்தார். அத்தைக்குக் கண்ணில் நீர் முட்டியது. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து, கோட்டுக்குப் பக்கத்தில் தானும் நின்று பார்த்தார். எத்தனை நாளில் வடியும், பரண் எவ்வளவு பெரிது, அது எவ்வளவு கனம் தாங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா மென்று விழுங்கி உண்மையைச் சொன்னார். கணக்கெடுக்க வந்த அக்கா அத்தனையையும் எழுதிக்கொண்டார். தன் கேள்விகளைவிட இவை நன்றாக இருக்கின்றன என்று நினைத்திருப்பார்.

“எங்க வூட்ல ஜன்னலயே முழுங்கிச்சி. இதெல்லாம் ஒரு தண்ணியா?” என்ற அந்த அம்மா, அத்தை பக்கம் திரும்பினார். “பொண்ணு எங்களுக்குப் புட்சிகீது.”

அத்தை என்னைத் தூக்கிக்கொண்டு முத்தமாய்க் கொடுத்தார். அம்மா கிள்ளுவதற்கு முன்பே நான் தப்பித்தது அப்படித்தான்.

கல்யாணமான வருஷம், முதல் பெருமழையன்றே ஓர் ஆட்டோ வந்து நின்றது. அத்தை, மாமா, மாமாவின் அம்மா, அவர்களோடு டிவி, மிக்சி, அரிசி மூட்டை. பரண் எங்கே என்று அந்த அம்மா யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் டிவியை ஏற்றினார். மழை வந்ததும் எங்களைப் பார்க்காமல் இருக்க முடியாமல் ஓடி வந்துவிட்டார்கள் என்று பள்ளிக்கூடத்தில் நான் எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டேன்.